68 நாளும் ஒரு பழைய புடவையும்: பெருந்தொற்றுக் காலத்தைத் துணியில் பதிவது எப்படி?

பெருந்தொற்றைப் பற்றிய துணிக்கலை என்றதும், முள் முளைத்த கிருமியைச் சிவப்பு நூலில் எம்ப்ராய்டரி செய்வதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் படம் உலகம் முழுக்க ஒன்றுதான். பாம்பன் கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்த நாள்கள் அதில் வராது. விமானம் நின்றுபோனதால் துபாயிலேயே மாட்டிக்கொண்ட மகனுக்காகக் கீழக்கரையில் காத்திருந்த வீடு வராது. இ-பாஸ் கிடைக்காமல் அடுத்த மாவட்டத்துச் சாவுக்குப் போக முடியாமல் போன தொண்டிக்காரரும் வரமாட்டார். இவர்களெல்லாம் துணியில் வர வேண்டுமென்றால் வேறு வழியில் தொடங்க வேண்டும்.

அந்த வழி எளியது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர், வீட்டில் புழங்கிய துணியை எடுத்து, நடந்ததை, நாளுக்கு ஒரு கட்டமாக, எண்ணி எண்ணித் தைக்கிறார். எந்தத் துணி, யார் உடுத்தியது, கட்டத்துக்கு எத்தனை தையல் வரி, எந்தக் கட்டம் காலி என்ற ஒவ்வொன்றும் ஒரு தகவல். பார்க்க வருகிறவர் விரல் வைத்து எண்ணினால் கணக்கு சரியாக வர வேண்டும். தையல் கோணலாக இருக்கலாம், கணக்கு கோணலாக இருக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இழப்பைத் துணியில் எழுதியவர்கள் நமக்கு முன்பும் இருந்தார்கள். சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்கள், சாக்குத் துணியின் மேல் பழைய துணித் துண்டுகளை ஒட்டுத் தையல் போட்டுத் தங்கள் தெருவில் நடந்ததைக் காட்டினார்கள். அந்தத் துணிக்கு அர்ப்பியேரா என்று பெயர். சிலவற்றின் பின்புறம் ஒரு சின்னப் பை வைத்து, உள்ளே ஒரு காகிதக் குறிப்பும் வைத்தார்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காகச் செய்த நினைவுத் துணி 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் முதல்முறையாக விரிக்கப்பட்டது. அன்று இருந்தவை 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு புதைகுழியின் அளவு. அந்த அளவு தற்செயலாக வந்ததில்லை. பார்த்தவுடன் ஓர் ஆள் படுக்கும் இடம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. கொரோனா காலத்தில் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாணவி தொடங்கிய நினைவுத் துணிக்கு 8 அங்குலச் சதுரங்கள் போதுமானதாக இருந்தன. அளவிலேயே ஒரு செய்தியை வைக்க முடியும் என்பதற்கு இவை இரண்டும் நல்ல பாடங்கள்.

ராமநாதபுரத்தின் இந்தக் கரைக்கும் நோய்த் தனிமை புதிதில்லை. ரயிலில் போகிறவர்கள் பார்த்திருக்கும் மண்டபம் கேம்ப், வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கடல் கடக்கவிடும் முன் நிறுத்தித் தனிமையில் வைத்திருந்த முகாம். அங்கே தங்கிப் போனவர்களின் கைப்பட எழுதிய பதிவு நம் வீடுகளில் அநேகமாக இல்லை. 2020-க்கும் அப்படி ஆகாமல் இருக்க, எழுதப் படிக்கத் தயங்குகிறவர்களும் செய்யக்கூடிய ஒரு பதிவு வேண்டும். ஊசி நூல் அதற்குத் தோதானது.

ஏன் 68?

முதல் துணிக்கு ஓர் எல்லை வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளையும் ஒரே துணியில் அடக்கப் பார்ப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் முதல் பொதுமுடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 25 முதல் மே 31 வரை நான்கு கட்டங்களாக அது நடந்தது. முதல் கட்டம் 21 நாள், அடுத்தது 19, பிறகு 14, கடைசியாக 14. கூட்டினால் 68.

ராமநாதபுரம் கடற்கரையில் இந்த 68-க்குள் இன்னொரு கணக்கும் உட்கார்ந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் வழக்கமாக ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். 2020-இல் மட்டும் அதை மே 31-ஓடு முடித்து 47 நாளாகக் குறைத்தார்கள். ஏப்ரல் 15 என்பது பொதுமுடக்கத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கிய நாள். ஆக, இந்தக் கரையில் 68 நாளும் 21, 47 என்று இரண்டாகப் பிரிகிறது. முதல் 21 நாள், கடலுக்குப் போக வேண்டிய பருவத்தில் போக முடியாமல் போன நாள். பின்னால் வந்த 47, எந்த ஆண்டானாலும் கரையில் இருந்திருக்க வேண்டிய நாள். இந்த வித்தியாசம் மதுரையில் தைக்கும் துணியில் இருக்காது. இதற்காகவே இரண்டு பகுதிக்கும் இரண்டு நிற நூல் வைக்கச் சொல்கிறோம்.

மார்ச் 25 ஒரு புதன்கிழமை. மே 31 ஞாயிறு. நாள்காட்டியில் போடுவதுபோல ஞாயிறில் தொடங்காமல் திங்களில் வரிசையைத் தொடங்கினால், முதல் வரிசையில் 5 நாள், அதன்பின் முழுசாக 9 வாரம், அதாவது 63 நாள். கடைசி வரிசை சரியாக ஞாயிறில் முடியும். மொத்தம் குறுக்கே 7 கட்டம், நெடுக்கே 10 வரிசை. முதல் வரிசையில் திங்களும் செவ்வாயும் மட்டும் வெறும் துணியாக நிற்கும். அந்த இரண்டு கட்டத்தையும் அலங்காரம் செய்து நிரப்பிவிடாதீர்கள். முடக்கத்துக்கு முந்தைய நாள்கள் அவை, அப்படியே இருக்கட்டும்.

துணியும் தண்ணீரும்

மேல் துணிக்கு, வெளுக்காத பருத்தியான காடா துணி ஒரு மீட்டர். அடியில் இரண்டு அடுக்கு பழைய பருத்திப் புடவை. புதுத் துணியைவிட, துவைத்துத் துவைத்து மெலிந்த புடவைதான் ஊசிக்கு வழிவிடும். கண்டாங்கியோ பரமக்குடிப் பருத்தியோ எதுவானாலும் சரி, பாலியஸ்டர் கலக்காமல் இருந்தால் போதும். கலப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். வீட்டு ஆண்களின் கைலியும் நல்ல துணிதான், ஆனால் அதன் கருநீலமும் சிவப்பும் சாயம் விடக்கூடியவை.

சாயம் விடுகிறதா என்று சோதிக்க, துணியின் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் பத்து நொடி அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியைத் தனியாக, கழுவும் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நூலில் பிடிக்காமல் மிதந்து நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அலசி வெளியேற்றுவதுதான் வழி. எத்தனை அலசினாலும் தெளியாத துணியை ஒதுக்கிவிடுங்கள்.

காடா துணியில் கஞ்சிப் பசை இருக்கும், முதல் சலவையில் சுருங்கவும் செய்யும். நூறு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் சுருங்குவது சாதாரணம். துவைக்காமல் தைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து நனைத்தால் மேல் துணி சுருங்கும், அடியில் ஏற்கெனவே சுருங்கி முடிந்த புடவை அப்படியே நிற்கும், முழுத் துணியும் கொப்பளம் கொப்பளமாக எழும். அதை யாராலும் திருத்த முடியாது. இரவு முழுக்க ஊறவைத்து, சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

இந்தக் கரையில் தனியாகக் கவனிக்க வேண்டியது அலசும் தண்ணீர். பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் அலசிய துணி காய்ந்த பிறகும் இழைக்குள் உப்பு தங்கியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துணி எப்போதும் லேசாகப் பிசுபிசுக்கும், பூஞ்சை பிடிக்கும், குத்திவைத்த குண்டூசி துருவேறிக் கறை போடும். துவைப்பது எந்தத் தண்ணீரானாலும் பரவாயில்லை. கடைசி இரண்டு அலசல் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். இந்த அளவுத் துணிக்கு இரண்டு குடம் போதும். குடிதண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் இரண்டு குடம் என்பது சிறிய செலவில்லை என்று தெரியும். மழைக்காலத்தில் ஓடு வழியாக வடியும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் இதற்கு அருமையாக உதவும்.

கட்டம் போடுவதும் தைப்பதும்

மூன்று அடுக்கையும் 24 அங்குலத்துக்கு 30 அங்குலமாக வெட்டுங்கள். ஒவ்வொரு கட்டமும் 2 அங்குலச் சதுரம். 7 கட்டம் 14 அங்குலம், 10 வரிசை 20 அங்குலம். சுற்றிலும் 3 அங்குலம் விளிம்பு விட்டால் முடிந்த துணி 20-க்கு 26 வரும். மிச்சம் இருப்பது தைக்கும்போது உள்வாங்குவதற்கும் ஓரம் மடிப்பதற்கும். பக்கத்துக்கு 2 அங்குலம் வீண் என்று நினைத்துக் குறைத்து வெட்டாதீர்கள். கையால் நெருக்கித் தைத்த துணி நிச்சயமாக ஓர் அங்குலமாவது உள்ளே இழுக்கும்.

கோடு போட டெய்லர் சாக்கோ, லேசாக அழுத்திய பென்சிலோ போதும். பால்பாயிண்ட் பேனாவும் கார்பன் தாளும் வேண்டாம், இரண்டும் போகாது. சூடு பட்டால் மறையும் பேனா இப்போது கடைகளில் கிடைக்கிறது. அந்த மை மறைகிறதே ஒழிய துணியைவிட்டுப் போவதில்லை, குளிர்ந்தால் திரும்பத் தெரியக்கூடும்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து நான்கு பக்கமும் வெளிநோக்கிப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். ஒரு தையல் 2 அங்குலம் நீளம் இருக்கலாம். வரிசைக்கு வரிசை 4 அங்குல இடைவெளி. ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்றும் சுருக்கமும் நடுவில் சிக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் இந்த நூலைப் பிரித்துவிட வேண்டும் என்பதால், கண்ணில் படும் நிறமாக இருக்கட்டும். அவசரப்படுகிறவர்கள் இந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பத்தாவது கட்டத்திலேயே அடித் துணி நழுவி, பின்பக்கம் மடிப்பு விழுந்து தைபட்டிருக்கும்.

தையல் வகுப்பில் ரன்னிங் ஸ்டிச் என்று சொல்லித்தரும் ஓட்டத் தையல் ஒன்றே இந்தத் துணிக்குப் போதும். வங்காளத்தின் காந்தா துணிகளும் பெரும்பாலும் இதே தையலில், இதேபோல் பழைய புடவை அடுக்குகளின் மேல்தான் உருவாயின. அங்குலத்துக்கு 5 முதல் 6 தையல். ஆரி வேலை தெரிந்தவர்கள் அதன் சங்கிலித் தையலைப் போட விரும்புவார்கள். பார்க்க அழகு, ஆனால் கடைசி முடிச்சு விட்டுப்போனால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். ஜரிகை நூலும் வேண்டாம், கடல் காற்றில் கறுத்துவிடும்.

நூல், ஆறு இழை எம்ப்ராய்டரி நூல். ஒரு கண்டு பொதுவாக 8 மீட்டர் இருக்கும். இரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் ஒரு கண்டில் 24 மீட்டர் தேறும். 68 கட்டத்துக்கும் சராசரியாக ஐந்து வரி என்று வைத்தால் 17 மீட்டர் தையல் ஆகும். தொடக்கமும் முடிவும் விடும் வால், துணிக்குள் இறங்கி ஏறும் நீளம் எல்லாம் சேர்த்து 23 மீட்டர் பக்கம் போகும். இரண்டு முதன்மை நிறத்துக்கும் ஒவ்வொரு கண்டு தாராளம். ஆனாலும் நிறத்துக்கு இரண்டாக ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் அதே எண் போட்ட நூலும் ஒரு சாயல் மாறி வரலாம். ஊசி 7-ஆம் எண் எம்ப்ராய்டரி ஊசி. எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமான நூல் துணிக்குள் பலமுறை உரசி நைந்துபோகும், முடிச்சும் விழும். முதலில் கட்டக் கோடுகளை வெள்ளை நூலால் தைத்து முடியுங்கள். நெடுக்கே 8 கோடு, குறுக்கே 11 கோடு, மொத்தம் சுமார் 8 மீட்டர். இதிலேயே கை பழகிவிடும். தையலை இழுத்து இறுக்கக் கூடாது. வலை பொத்திப் பழகிய கைக்கு முடிச்சை இறுக்கித்தான் வழக்கம், இங்கே அந்தப் பழக்கத்தை விட வேண்டும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை துணியை விரல்களால் நீவி, நூல் துணியோடு படுத்துக்கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கட்டத்துக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். எல்லாக் கட்டமும் முடிய 17 முதல் 23 மணி நேரம். துணியை விறைப்பாகப் பிடிக்கும் எம்ப்ராய்டரி வளையம் மாட்டித் தைத்தால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இந்த ஈரக் காற்றில் ஒரு வாரம் மாட்டியே வைத்தால் திருகின் துரு துணியில் இறங்கும். ஊசியையும் துணியில் குத்தி வைக்கக் கூடாது.

எதை எண்ணுவது

குறியீடு நான்குக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு ஆனால் தைத்தவருக்கே மறந்துவிடும். ஒரு மீனவக் குடும்பத்துக்கு இப்படி வைக்கலாம்: நூல் நிறம், முதல் 21 நாளுக்குக் கருநீலம், அடுத்த 47-க்குப் பச்சை. வரிகளின் எண்ணிக்கை, அன்று வீட்டில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பது. வரியின் திசை, அன்று யாரும் வாசல் தாண்டவில்லை என்றால் படுக்கை வரி, யாராவது ரேஷனுக்கோ மருந்துக்கோ போயிருந்தால் நிமிர்ந்த வரி. வெளிநாட்டிலிருந்து போன் வந்த நாளுக்கு ஒரு பிரெஞ்ச் நாட் முடிச்சு, அதாவது நூலை ஊசியில் சுற்றிப் போடும் சின்ன மொட்டு. கால் அங்குல இடைவெளியில் ஒரு கட்டத்துக்குள் ஏழு வரி வரை வரும். கூட்டுக் குடும்பமாக இருந்து அதற்கு மேல் ஆள் இருந்தால் கட்டத்தை 2½ அங்குலமாக்கி, துணியையும் அதற்கேற்பப் பெரிதாக வெட்டுங்கள்.

கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு வேறு கணக்கு பொருந்தும். கடலில் இறங்கிய நாள், இறங்க முடியாத நாள், எடுத்துக் காயவைத்தும் வாங்க ஆள் வராத நாள் என்று மூன்றாகப் பிரிக்கலாம். பாறையில் வெட்டாமல் இருக்க விரலில் சுற்றும் துணிக் கீற்றையே கட்டத்தில் வைத்துத் தைத்தால் அதைவிடப் பொருத்தமான துணி கிடையாது. ஆனால் அதை நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசியே தீர வேண்டும்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எப்படி நினைவிருக்கும் என்று கேட்கலாம். நினைவை மட்டும் நம்பாதீர்கள். போனில் உள்ள படங்களுக்குத் தேதி இருக்கிறது. ரேஷனில் 1,000 ரூபாய் வாங்கிய டோக்கன், நகை அடகு ரசீது, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, மருந்துச் சீட்டு, பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் தேதி இருக்கும். ஒரு தாளில் 68 தேதியையும் எழுதி, கிடைத்ததை எதிரே குறித்துக்கொண்டு, பிறகு ஊசியை எடுங்கள். எந்தத் தகவலும் கிடைக்காத நாளின் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று இட்டுக்கட்டி நிரப்பினால், பக்கத்தில் உண்மையாகத் தைத்த கட்டத்தையும் யாரும் நம்ப வேண்டியதில்லை என்று ஆகிவிடும்.

முகக்கவசத்தைத் தைக்கும்போது

எல்லோரும் துணியில் வைக்க நினைப்பது முகக்கவசம். மகளிர் குழுக்கள் தைத்ததும் ரேஷன் கடையில் கொடுத்ததும் துணிக் கவசங்கள், அவற்றில் சிக்கல் இல்லை. காதில் மாட்டும் எலாஸ்டிக்கை மட்டும் கழற்றிவிடுங்கள். சில வருடத்தில் அது பிசினாகிப் பக்கத்துத் துணியில் ஒட்டும்.

நீல நிற மருத்துவக் கவசம் வேறு வகை. அது நெய்த துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளை அழுத்தி ஒட்டிய தாள். சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூடு 200 டிகிரியைத் தொடும். இஸ்திரிப் பெட்டி ஒருமுறை பட்டால் கவசம் உருகிப் பெட்டியிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் மாட்டினால் சில மாதங்களிலேயே பொடிப்பொடியாக உதிரும். மூக்கருகே இருக்கும் கம்பி கடல் காற்றில் துருப்பிடிக்கலாம். ஆகவே கம்பியையும் காது நூலையும் நீக்கி, சோப்பில் அலசிக் காயவைத்து, 1½ அங்குலச் சதுரமாக வெட்டி, மேலே மெல்லிய வெள்ளை ஆர்கன்சா துணியை மூடி, அந்த ஆர்கன்சாவின் ஓரத்தைத் தையுங்கள். கவசத்தின் மேலேயே நெருக்கமாகத் தைத்தால் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து, தபால்தலை ஓரம்போல் கிழிந்து வந்துவிடும். ஃபெவிகால் வைத்து ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகும், விறைக்கும், பூச்சியையும் அழைக்கும்.

இறந்தவருக்கான துணி

இதைத் தனியாகச் செய்யுங்கள், 68 நாள் துணியோடு கலக்க வேண்டாம். 8 அங்குலச் சதுரம் போதும். சட்டைப் பை, புடவையின் முந்தானை, கைலியின் ஓரம் என்று, பார்த்தவுடன் வீட்டாருக்கு ஆளை நினைவுபடுத்தும் பகுதியை எடுங்கள். நைந்த துணியென்றால் அடியில் லைனிங் துணி கொடுத்துவிட்டு வெட்டுங்கள். அவர் வாசனை போய்விடும் என்று துவைக்க மனம் வராதவர்கள் நிறைய. அது நியாயமான தயக்கம். ஆனால் வியர்வை படிந்த துணி மஞ்சளாகிப் பூச்சி அரிக்கும், அதோடு தைத்த மற்றத் துணிகளையும் கெடுக்கும். ஒரு சிறு துண்டைத் துவைக்காமல் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும் துண்டு மட்டும் துவைத்ததாக இருக்கட்டும்.

மருத்துவமனையிலிருந்து எதுவும் திரும்பி வராத குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு அவர் உடுத்திய வேறு எந்தத் துணியும் இல்லையென்றால், அந்த உடையின் உருவத்தைக் கோடாக மட்டும் தைத்து உள்ளே வெறுமையாக விடலாம். வேறு யாருடைய துணியையும் வைத்து ஈடு கட்ட வேண்டாம்.

இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி அப்போது இருந்தது. ஊரே திரண்டு வரும் இந்தக் கரையில் அது எவ்வளவு பெரிய காயம் என்று விளக்க வேண்டியதில்லை. சதுரத்தின் விளிம்பில் ஒருவருக்கு ஒன்றாக 20 தையல் மட்டும் போட்டு மீதி ஓரத்தைத் தைக்காமல் விட்டால், அந்த விதி துணியிலேயே நிற்கும். வந்தவர்கள் அதற்கும் குறைவென்றால் அந்த எண்ணிக்கையைப் போடுங்கள்.

பெயரைத் தைப்பதற்கு முன் வீட்டிலுள்ள எல்லோரிடமும் கேளுங்கள். நோயை வெளியில் சொல்ல விரும்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெயருக்குப் பதில் உறவு முறையைத் தைக்கலாம்: அத்தா, அப்பத்தா, மாமா.

பல வீட்டுச் சதுரங்களைச் சேர்ப்பது

மகளிர் குழுவாகச் செய்தால் வழக்கமாக நடக்கும் தவறு, ஆளுக்கொரு அளவில் சதுரம் வந்து சேர்வது. எல்லாச் சதுரத்தையும் ஒரே ஆள் 10 அங்குலமாக வெட்டிக் கொடுத்து, நடு 8 அங்குலத்துக்குள் மட்டும் தைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அட்டை வைத்து எல்லாவற்றையும் 9 அங்குலமாகச் சீவிவிட்டு, அரை அங்குலம் உள்விட்டு மிஷினில் இணைத்தால் 8 அங்குலச் சதுரம் கிடைக்கும். 4-க்கு 6 என்று 24 சதுரம் சேர்த்தால் 32-க்கு 48 அங்குலம். முதலில் வரிசைகளாகத் தைத்து, பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனால் மூலைகள் சேராது. யாருடைய தையல் சுமாராக இருந்தாலும் பிரித்துத் திருத்தித் தைக்கக் கூடாது, அது அவர் கையெழுத்து.

கடல் காற்றிலிருந்து காப்பது

பின்பக்க மேல் ஓரத்தில் 4 அங்குல அகலத்தில் ஒரு துணிக் குழல் தைத்து, அதற்குள் பிவிசி பைப்பை நுழைத்து மாட்டுங்கள். பாரம் துணி முழுக்கப் பரவும். இரும்பு ஆணியும் கிளிப்பும் நேராகத் துணியில் படக் கூடாது. சுவருக்கும் துணிக்கும் இரண்டு அங்குல இடைவெளி இருக்கட்டும். இங்கே சுவர் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். கண்ணாடிச் சட்டம் போடுகிறவர்கள் கண்ணாடி துணியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொடும் இடத்தில் வியர்த்துப் பூஞ்சை வரும்.

அர்ப்பியேராவில் இருந்ததுபோல் பின்புறம் ஒரு பையும் தையுங்கள். எந்த நிறம் எதற்கு, எந்த வரி எதற்கு என்ற பட்டியலையும், துணி யாருடையது, தைத்தவர் யார், எப்போது தைத்தது என்பதையும் பென்சிலால் எழுதி அதில் வையுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும், பென்சில் பரவாது. காகிதத்தை ராமபாணப் பூச்சி தின்றுவிடக்கூடும் என்பதால் அதே பட்டியலைச் சுருக்கமாகத் துணியின் கீழ் விளிம்பிலும் தைத்துவிடுவது நல்லது.

ஐப்பசி மழை தொடங்கும் முன் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். மடித்தால் மடிப்பில் நூல் அறும். துவைத்த வெள்ளைத் துணி சுற்றிய பைப்பின் மேல், தையல் முகம் வெளியே தெரியும்படி சுருட்டி, மேலே இன்னொரு வெள்ளைத் துணியைச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. வசம்பைச் சிறு துணியில் முடிந்து பெட்டிக்குள் போடலாம், துணியின் மேல் நேராகப் படாமல் ஓரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் அரை நாள் காற்றாட விட்டு, கரும்புள்ளியோ துளையோ இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். நூல் அறுந்திருந்தால் பழைய நிறத்துக்கு ஒத்துப்போகும் நூலால் திருத்தி, எந்தக் கட்டம், எந்தத் தேதியில் திருத்தியது என்று பையிலுள்ள தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.